எடுத்துச் செல்லும் ஷூட்டிங் பெஞ்சும் ரைஃபிள் ரெஸ்ட்டும்: அரிசோனாவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பீனிக்ஸ், சாண்ட்லர் பக்கம் குடியேறி டார்கெட் சுடப் பழகும் நம்மவர்கள் பலர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ரைஃபிளுக்கும் ஸ்கோப்புக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, அதை ஒரு மடக்கு மேசையில் வைத்துச் சுடுகிறார்கள். தோட்டாக்கள் டார்கெட்டில் சிதறுகின்றன. உடனே ரைஃபிள் சரியில்லை, ஸ்கோப் சரியில்லை என்று முடிவு கட்டி இன்னும் செலவு செய்கிறார்கள். நானும் அப்படி ஒரு மேசையோடு வெகுநாள் மல்லுக்கட்டினேன். ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் என் நாடித்துடிப்புக்கு ஏற்ப குறுக்குக்கோடு துள்ளும். மூச்சை அடக்கினாலும் அது நிற்காது.

இதன் காரணம் எளிய கணக்கு. ரைஃபிளின் முன்பகுதியைத் தாங்கும் தாங்கிக்கும் (முன் ரெஸ்ட்), பின்பகுதிக்கு அடியில் வைக்கும் மணல் பைக்கும் (பின் பை) இடையே சுமார் 24 அங்குலம். நூறு கஜம் என்பது 3,600 அங்குலம். அதாவது 150 மடங்கு. முன்பக்கம் ஒரு தாளின் கனம் அளவுக்கு, சுமார் 4/1000 அங்குலம், அசைந்தாலே டார்கெட்டில் அரை அங்குலத்துக்கு மேல் தள்ளிப்போகும். மடக்கு மேசையின் கால் ஆடுவது இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆகவே முதலில் செலவு செய்ய வேண்டியது பெஞ்சுக்குத்தான், அதாவது ரைஃபிளை வைத்துச் சுடுவதற்கென்றே செய்த ஆடாத மேசைக்குத்தான். நீங்களே செய்தால் 150 முதல் 200 டாலருக்குள் அடங்கும், இரண்டு வார இறுதி போதும்.

1. மரத்தைத் தொடும் முன் உங்கள் காகிதங்களைப் பாருங்கள்

பெஞ்ச் செய்ய எந்த அனுமதியும் வேண்டாம். ஆனால் அதன் மேல் வைக்கப்போகும் ரைஃபிள் விஷயத்தில் நம் ஆட்கள் தெரியாமல் பெரிய சிக்கலில் விழ வாய்ப்புண்டு. அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. வாங்குவது மட்டும் அல்ல, வைத்திருப்பதே குற்றம். நண்பருடைய ரைஃபிளை வாங்கி ஒரு முறை சுட்டுப் பார்ப்பதும் இதில் வரும். "ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) யாரும் கேட்கவில்லையே" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கேட்காததால் சட்டம் இல்லாமல் போய்விடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். நீங்கள் வேட்டைக்கே போகாவிட்டாலும் அந்த உரிமம்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. அரிசோனாவின் கேம் அண்ட் ஃபிஷ் துறை இதை ஆன்லைனிலேயே தருகிறது. வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும். இங்கேதான் கண்ணி இருக்கிறது. உரிமம் காலாவதியான மறுநாளே உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ரைஃபிள் சட்டவிரோதம் ஆகிவிடும். கைபேசியில் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டல் வைத்துவிடுங்கள். உரிமத்தின் நகல் துப்பாக்கிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கிரீன் கார்டு கையில் இருந்தால் இந்தத் தடை இல்லை. ஆனால் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதும் கார்டு கையில் இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் நிலை கொஞ்சம் சிக்கலாக இருந்தால், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கி தொடர்பான குற்றம் நாடு கடத்துவதற்கே காரணமாகலாம். அந்தக் கட்டணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும். இப்போதைய முகவரியுள்ள அரசு அடையாள அட்டை, ஏலியன் நம்பர் அல்லது ஐ-94 எண், விசாக்காரர் என்றால் வேட்டை உரிமம், இவை தேவை. வீடு மாறி ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால், புது முகவரியுள்ள கார் ரிஜிஸ்ட்ரேஷனையும் எடுத்துப்போங்கள். பின்னணிச் சோதனை சிலருக்குச் சில நிமிடத்தில் முடியும். குடியுரிமை இல்லாதவர்களுக்கு "தாமதம்" என்று வருவது சகஜம், மூன்று வேலை நாள் காத்திருக்க நேரலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இன்னொன்று. அரிசோனாவில் கஞ்சா மாநிலச் சட்டப்படி அனுமதி. ஆனால் அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டம் இடம் தரவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி நேரடியாகவே வரும். அதில் பொய் சொல்வது தனிக்குற்றம்.

2. பெஞ்சை எங்கே போடப்போகிறீர்கள்?

வடக்கு பீனிக்ஸில் உள்ள பென் ஏவரி ரேஞ்சில் பெஞ்சுகள் ஏற்கனவே இருக்கின்றன. அங்கே உங்கள் ரெஸ்ட்டும் மணல் பையும் போதும். எடுத்துச் செல்லும் பெஞ்ச் தேவைப்படுவது திறந்தவெளி அரசு நிலத்திலும், அனுமதி உள்ள தனியார் நிலத்திலும்தான்.

அரிசோனாவில் நிலம் சதுரங்கக் கட்டம் போலக் கலந்து கிடக்கும். நில உரிமை காட்டும் வரைபடத்தில் மஞ்சள் நிறம் பி.எல்.எம். நிலம், அதாவது ஃபெடரல் அரசின் நில மேலாண்மைத் துறையின் நிலம். மூடப்பட்ட பகுதி என்று அறிவிப்பு இல்லாவிட்டால் பொதுவாகச் சுடலாம். பச்சை தேசிய வனம். அங்கே வீடு, கட்டடம், முகாம், ஆட்கள் இருக்கும் இடம் இவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக்கூடாது. சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்காகவும் சுடக்கூடாது. நீலம் ஸ்டேட் டிரஸ்ட் நிலம், அதாவது மாநிலத்தின் அறக்கட்டளை நிலம். பார்க்க மஞ்சள் நிலத்தைப் போலவே வேலியில்லாத பாலைதான். ஆனால் அங்கே டார்கெட் சுடத் தடை. அந்த நிலத்துக்கு வாங்கும் பொழுதுபோக்கு அனுமதிச் சீட்டும் இதற்குச் செல்லாது. புதியவர்கள் அதிகம் மாட்டுவது இந்த நீல நிறத்தில்தான். கிளம்பும் அன்று காலை வரைபடத்தைப் பாருங்கள். கோடையில் தீத் தடை உத்தரவு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. அளவெடுங்கள்

பெஞ்ச் வெட்டும் முன் ஒரு தடவை ரேஞ்சுக்கு டேப்போடு போய் அங்குள்ள பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் உடம்புக்கு எது பொருந்துகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிறகு வீட்டில், நீங்கள் பயன்படுத்தப்போகும் ஸ்டூலிலேயே உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதோடு 3 அங்குலம் கூட்டுங்கள். அதுதான் பெஞ்சின் உயரம். 18 அங்குல ஸ்டூலும் நடுத்தர உயரமும் என்றால் 30 அங்குலம் பக்கத்தில் வரும்.

உயரம் குறைந்தால் கழுத்தை நீட்டிக் குனிந்து ஸ்கோப்பைத் தேடுவீர்கள். கண் ஸ்கோப்புக்கு மிக அருகில் போய்விடும். ரைஃபிள் பின்னுக்கு உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். பெஞ்சில் சுடுபவர்களுக்கு வரும் காயங்களில் இது முக்கியமானது. நேராக உட்கார்ந்தபடியே கன்னம் ரைஃபிளில் படிய வேண்டும்.

4. பொருள்களும் செலவும்

முக்கால் அங்குல ப்ளைவுட், நாலுக்கு நாலு அடிப் பலகை ஒன்று. வெளிப்புறத் தரமாகவும் மேல்பக்கம் இழைத்ததாகவும் பாருங்கள். மரச்சீவலையும் மரத்தூளையும் அழுத்திச் செய்யும் ஓ.எஸ்.பி., எம்.டி.எஃப். பலகைகள் இரண்டும் வேண்டாம், போல்ட் பிடிக்காது. ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய் பத்தடி, அதற்குப் பொருந்தும் ஃபிளாஞ்ச் (குழாயைப் பலகையோடு பிணைக்கும் வட்டத் தட்டு) மூன்று, இரண்டுக்கு நாலு கட்டை ஒன்று, கால்களைச் சாய்க்கும் ஆப்புக்கு இரண்டுக்கு ஆறு துண்டு, ரெஸ்ட்டுக்கு இரண்டுக்கு எட்டு துண்டு, போல்ட், நட்டு, வாஷர், மரப்பசை, எபாக்சி, பாலியூரித்தேன் பூச்சு. செலவில் பாதிக்கு மேல் ப்ளைவுட்டுக்கும் குழாய்க்கும் போகும்.

கடையில் எழுதியிருக்கும் அளவு உண்மையான அளவு அல்ல. முக்கால் அங்குல ப்ளைவுட் பெரும்பாலும் 23/32 அங்குலம்தான். இரண்டுக்கு நாலு கட்டை ஒன்றரைக்கு மூன்றரைதான். வரைபடம் போடும்போது உண்மை அளவை வைத்துப் போடுங்கள்.

குழாயைக் கடையிலேயே வெட்டி மரை போடச் சொல்லலாம். ஹோம் டிப்போ போன்ற கடைகளில் சில கிளைகளில் மட்டும்தான் மரை போடும் எந்திரம் இருக்கும். சில சமயம் எந்திரம் பழுதாகிக் கிடக்கும். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். காலுக்கு ஒரு முனையில் மட்டும் மரை போதும். உங்களுக்கு வேண்டிய உயரத்திலிருந்து பலகை, ஆப்பு, ஃபிளாஞ்ச் இவற்றின் கனத்தைக் கழித்துக் காலின் நீளத்தைச் சொல்லுங்கள். இதைக் கழிக்க மறந்தால் பெஞ்ச் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும்.

5. மேல்பலகை

பலகையைக் கடையிலேயே 36-க்கு 42 அங்குலமாக வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் உங்கள் கார் டிக்கியின் வாயை அளந்துவிடுங்கள். நுழையாத பெஞ்சை எங்கும் எடுத்துப்போக முடியாது.

வடிவம் ஆங்கில 'டி' எழுத்துப் போல: முன்பக்கம் 36 அங்குல அகலம், 20 அங்குல ஆழம். அதன் பின்னால் நடுவில் 16 அங்குல அகலத்தில் 22 அங்குலம் நீளும் வால். வலக்கைக்காரர் வாலின் இடப்பக்கம் உட்கார்ந்து, வலது முழங்கையை வாலின் மேல் ஊன்றுவார். இடக்கைக்காரர் மறுபக்கம். நீங்கள் ஒருவர் மட்டும்தான் சுடுவீர்கள் என்றால் வாலை நடுவில் வைக்காமல் உங்கள் சுடும் கைப்பக்கம் தள்ளி வைத்தால் மற்றக் கைக்கு இன்னும் இடம் கிடைக்கும். குடும்பத்தில் இரண்டு பேர் சுடுவதாக இருந்தால் நடுவில் வைப்பதே நல்லது.

ஜிக்சாவால் வெட்டுங்கள். உள்மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைவாக வெட்டுங்கள், சதுர மூலையில்தான் விரிசல் தொடங்கும். நெஞ்சு படும் விளிம்பை உப்புத்தாளால் நன்றாக உருட்டுங்கள். அடியில் நீளவாக்கில் ஒரு இரண்டுக்கு நாலு கட்டையைக் குத்தாக நிறுத்திப் பசையும் திருகும் போட்டுப் பிணையுங்கள். பலகையின் வளைவை நிறுத்துவது இந்தக் கட்டைதான். பலகையை இரட்டையாக ஒட்டினால் இன்னும் கெட்டியாகும், ஆனால் கூடுதலாகப் பதினாறு பவுண்டு தூக்க வேண்டும். ஒற்றைப் பலகையும் கட்டையும் போதும் என்பது என் கருத்து.

பாலியூரித்தேனை மேலும் கீழும் விளிம்புகளிலும் சமமாகப் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் அரிசோனாவின் வறண்ட காற்றில் பலகை ஒருபக்கமாக வளையும். மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் டப்பாவில் சொன்ன நேரம் காயவிடுங்கள். முதல் வார இறுதி இதோடு முடிந்துவிடும்.

6. கால்கள்: மூன்று மட்டும்

நாலு கால் வேண்டாம். கரடுமுரடான பாலையில் நாலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். அடுப்புக்கு மூன்று கல் வைப்பது போலத்தான் இதுவும்: மூன்று கால் எந்தத் தரையிலும் பதிந்துவிடும். முன் மூலைகளில் இரண்டு, வாலின் கடைசியில் ஒன்று.

காலை நேராக இறக்காமல் 10 டிகிரி வெளியே சாய்த்தால் பிடிப்பு கூடும். 30 அங்குலக் காலின் அடி 5 அங்குலம் வெளியே போகும், உயரத்தில் அரை அங்குலம்தான் குறையும். சாய்வுக்கு, இரண்டுக்கு ஆறு துண்டிலிருந்து 10 டிகிரி ஆப்பு மூன்று வெட்டி, பலகைக்கும் ஃபிளாஞ்ச்சுக்கும் நடுவில் வையுங்கள். ஆப்பின் தடித்த பக்கம் பெஞ்சின் நடுவை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கால்கள் உள்ளே மடங்கும். துளை போடும் முன் ஒரு காலைத் திருகிப் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபிளாஞ்ச்சை மரத்திருகால் மாட்டாதீர்கள். சில தடவை கழற்றி மாட்டியதும் ப்ளைவுட்டில் திருகு கழன்றுவிடும். ஃபிளாஞ்ச்சின் துளைக்குப் பொருந்தும் போல்ட்டை பலகை, ஆப்பு இரண்டையும் துளைத்து இறக்கி, நட்டும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். போல்ட்டின் தலை பலகைக்குள் புதையும்படி மேலே குழி எடுங்கள். வால் பகுதியில் தலை துருத்தினால் முழங்கையில் குத்தும்.

கடையிலிருந்து வரும் குழாயில் எண்ணெய் இருக்கும். துடைத்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள், ஆனால் மரையில் பெயின்ட் படக்கூடாது. குழாய் மரை கூம்பு வடிவில் இருப்பதால் திருகத் திருக இறுகும். கையால் முடிந்தவரை திருகி, பிறகு ரெஞ்சால் கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் களத்தில் கழற்ற முடியாது. அடியில் ரப்பர் மூடி. மணல் தரையில் மூடியும் புதையும், அதனால் உள்ளங்கை அளவு ப்ளைவுட் துண்டு மூன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள்.

மொத்த எடை 45 முதல் 50 பவுண்டு. கால்களைக் கழற்றிவிட்டால் ஒருவரே தூக்கலாம்.

7. முன் ரெஸ்ட்

இரண்டுக்கு எட்டு கட்டையில் 12 அங்குலத் துண்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அடித்தளம் தயார். அடியில் மூன்று போல்ட்டுகளைக் கால்களாக வையுங்கள். இங்கேயும் மூன்றுதான்.

உயரத்தை மாற்ற முக்கால் அங்குலத் தடிமனுள்ள, முழுக்க மரை போட்ட இரும்புத் தண்டு ஒன்று, 5 அங்குல நீளத்தில். அடித்தளத்தில் அது தடையின்றி ஏறி இறங்கும்படி சற்றுப் பெரிய துளை போடுங்கள். 5 அங்குல விட்டமுள்ள ப்ளைவுட் வட்டத்தின் நடுவில் அந்தத் தண்டுக்கான நட்டை எபாக்சியால் பதியுங்கள். இதுதான் சக்கரம். இது ஒரு வாஷரின் மேல், அடித்தளத்தின் மேலேயே உட்காரும். தண்டின் உச்சியில் ரைஃபிள் உட்காரும் தொட்டிலை இரண்டு நட்டுகளால் இறுக்குங்கள். தொட்டில் சுழலாமல் இருக்க, பக்கத்தில் அரை அங்குல இரும்புக் கம்பி ஒன்றை வழிகாட்டியாக அடித்தளத்தில் இறக்குங்கள். அது இல்லாமல் சக்கரத்தைத் திருப்பினால் தொட்டிலும் சேர்ந்து திரும்பும்.

அந்தத் தண்டில் அங்குலத்துக்கு 10 மரை. ஒரு முழுச் சுற்றுக்குத் தொட்டில் 1/10 அங்குலம் ஏறும். முன்சொன்ன 150 மடங்குக் கணக்கில் அது நூறு கஜத்தில் 15 அங்குலம். சக்கரத்தின் சுற்றளவும் கிட்டத்தட்ட 15 முக்கால் அங்குலம். ஆக, சக்கர விளிம்பை ஒரு அங்குலம் நகர்த்தினால் டார்கெட்டில் குறியும் ஏறக்குறைய ஒரு அங்குலம் நகரும். விளிம்பில் பேனாவால் அங்குலக் கோடுகள் போட்டு வையுங்கள், மிக உதவியாக இருக்கும். அதைவிட நுணுக்கமான திருத்தத்தைப் பின் பையை இடது கையால் அழுத்திச் செய்வோம்.

எபாக்சிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் நட்டு வட்டத்துக்குள் சுழல ஆரம்பித்துவிடும், பிறகு புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

8. மணல் பைகள்

பழைய ஜீன்ஸ் கால் பின் பைக்கு அருமையான துணி. தொட்டிலுக்கு முடிந்தால் பழைய தோல் ஜாக்கெட்டோ கைப்பையோ. இரட்டைத் தையல் போடுங்கள். மணலை நேராகக் கொட்டாமல் கெட்டியான உள்பையில் நிரப்பி அதை உள்ளே வையுங்கள். கசியும் மணல் ரைஃபிளின் போல்ட்டுக்குள் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) புகுந்தால் நறநறவென்று அரைக்கும்.

விளையாட்டு மணல் 50 பவுண்டு மூட்டையாக, பத்து டாலருக்குள் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் ஈரமாக இருக்கும். தார்ப்பாயில் பரப்பி ஒன்றிரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். பீனிக்ஸ் வெயிலுக்கு வேறு அடுப்பு வேண்டாம். அரிசி, பயறு போட்டுத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், ஈரம் இழுத்து உப்பும், வண்டு விழும், கராஜில் எலி தேடி வரும்.

முன் பை கல்லாக இறுகியிருக்க வேண்டும். பின் பை, பிடித்தால் கொஞ்சம் அமுங்கும் அளவுக்கு.

9. களத்தில்

தோட்டாக்களைத் தடுக்க டார்கெட்டுக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெஞ்சை இறக்க வேண்டும். சும்மா தூரத்தில் ஒரு குன்று தெரிந்தால் போதாது.

கால்களைத் திருகி நிறுத்தி, கையால் பலமாக அழுத்துங்கள். மட்டம் பாருங்கள். பிறகு பெஞ்சின் நடுவில் அடியில் ஒரு கொக்கி மாட்டி, 5 காலன் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். 40 பவுண்டுக்கு மேல் எடை கீழே இழுக்கும்போது பெஞ்ச் அப்படியே தரையில் ஊன்றிக்கொள்ளும். பாலைக்கு அந்தத் தண்ணீரை எப்படியும் கொண்டுபோகத்தான் போகிறீர்கள்.

முன் ரெஸ்ட் மரப்பிடியின் அடியில் இருக்க வேண்டும், குழலின் அடியில் ஒருபோதும் கூடாது. குழல் சுடும்போது அதிரும், அதை எதுவும் தொடக்கூடாது. வார் மாட்டும் குமிழ் பையில் இடிக்காமல் இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். இடித்தால் ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு இடத்தில் போகும். குழல் முனை பெஞ்சின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பைகளின் மேல் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் ரைஃபிள் வழுக்கிக்கொண்டு பின்வாங்கி, அதே தடத்தில் திரும்ப வரும்.

இப்போது சோதனை. ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். குறி பார்த்து வெறுமனே விசையை அழுத்துங்கள். குறுக்குக்கோடு அசையவே கூடாது. அடுத்து இடது கையால் பெஞ்சின் முன் மூலையை லேசாகத் தட்டுங்கள். கோடு துள்ளி உடனே நின்றால் சரி. ஆடிக்கொண்டே இருந்தால் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று தளர்ந்திருக்கும். இது சரியாகும்வரை தோட்டாவைத் தொட வேண்டாம். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் பெஞ்சின் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. டார்கெட் மாற்ற ஒருவர் முன்னே போனால், ரைஃபிள் காலியாக, போல்ட் திறந்தபடி இருக்க வேண்டும், எல்லோரும் பெஞ்சைவிட்டு எழுந்து நிற்க வேண்டும்.

டார்கெட் காகிதமும் அட்டையும் மட்டும். கண்ணாடி பாட்டில், பழைய டி.வி. போன்றவற்றைச் சுடுவது பி.எல்.எம். நிலத்தில் தடை. சகுவாரோ கள்ளிக்குச் சேதம் செய்வது மாநிலச் சட்டப்படி குற்றம், ஆகவே டார்கெட்டின் பின்னால் கள்ளி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளையும் அட்டைகளையும் பொறுக்கி எடுத்துவந்துவிடுங்கள். குப்பை சேர்ந்த இடங்களைத்தான் அதிகாரிகள் ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள்.

வீடு வந்ததும் கால்களின் மரையைத் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழைய சாக்ஸ் மாட்டி வையுங்கள். மரையில் மணல் இருந்தால் அடுத்த முறை கால் முழுதாக இறுகாது, ஆட்டம் அங்கிருந்து தொடங்கும். பலகையைக் கராஜ் சுவரில் சாய்த்து வைக்காமல் தரையில் படுக்கப் போடுங்கள்.